மீன் வீட்டுத் தண்ணீர்

கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு ஆபரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் எங்கள் ஊரில் யாரும் சம்பளத்தைக் கேட்கவில்லை. "அங்க தண்ணிக்கு என்ன செய்யப் போற?" என்றுதான் கேட்டார்கள். நான் நாகர்கோவில் பக்கம் வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீரை அளந்து பார்த்ததே கிடையாது. "அங்கேயும் மனுஷங்க இருக்காங்கதானே" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வயதில் எனக்கு எது இல்லாவிட்டாலும் வீராப்புக்குப் பஞ்சமில்லை.

எழுபதுகளின் கடைசி அது. கதிரேசன் மலைக்குப் போகும் பக்கம் ஒரு வளவில் வீடு கிடைத்தது. ஒரே வாசல், நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி ஏழு குடித்தனம். வீடு என்று சொல்வது மரியாதைக்காக. எனக்கு வாய்த்தது ஒரு அறையும், திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு சமையல் மூலையும். முற்றத்துக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீர் முனிசிபாலிட்டி குழாயில் எப்போதாவது வரும். வருகிற அன்று வளவே கல்யாண வீடாகிவிடும்.

குழாயடியில் மில்லுக்கார அக்கா வைத்ததுதான் சட்டம். அவள் புருஷன் பஞ்சாலையில் வேலை பார்த்தார். அந்த மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியது அவரல்ல, இவள்தான் என்று தோன்றும். குடங்களை வரிசையாக வைத்து, போன தடவை முதலில் பிடித்தவர்களை இந்தத் தடவை கடைசிக்குத் தள்ளி, ஒவ்வொரு வீடாகக் கூப்பிடுவாள். அதற்கு முறை என்று பேர். முறையைத் தாண்டி ஒரு செம்பு தண்ணீர் எடுத்துவிட முடியாது. என் வீட்டுக்கு அவள் வைத்த பேர் டெலிபோன் வீடு.

நான் என் முறைக்குப் போய், குடத்தை நிரப்பிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திக்கொள்வேன். பகலெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சுக்கு வயர் சொருகிக் கொடுக்கிறவளுக்கு, வீட்டில் ஒரு குரலும் வேண்டாமென்று இருந்தது. அந்த வளவில் பகலில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே சண்டை, இல்லை உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தம். எனக்கு இரண்டும் இல்லை என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. "டெலிபோனம்மா, மேலுக்கு எதுவும் சொகமில்லையா?" என்று ஆள் மாற்றி ஆள் ஜன்னலில் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் பயிற்சிக்காக மதுரைக்குப் போனவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு மீன் கடையைப் பார்த்தேன். பெரிய தொட்டிகளில் கூட்டம் கூட்டமாக மீன்கள். ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன பாட்டில்கள், ஒன்றுக்கு ஒரு மீன். நீல உடம்பு, சிவந்த வால். கடைக்காரர், "இது ஃபைட்டர். தனியாத்தான் இருக்கும். கூட எதை விட்டாலும் கடிச்சிரும்" என்றார். குறை சொல்வது போலத்தான் சொன்னார். எனக்கோ அந்த மீனை உடனே பிடித்துப் போனது. இப்படி ஒரு ஜீவனை உலகம் ஒப்புக்கொண்டு தனிப் பாட்டிலும் கொடுத்திருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

கடலை மிட்டாய் போட்டு வைக்கிற அகலவாய் பாட்டில் ஒன்றைக் கழுவி அதில் விட்டேன். முற்றத்தைப் பார்த்த ஜன்னல் கட்டையில் அவனுக்கு இடம். வெயில் படும்போது வாலை விரித்து நின்றான் என்றால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சாப்பிட ஒருவன், பாட்டிலுக்குள் நுரையால் கூடு கட்ட ஒருவன், நான் விரலை வைத்தால் சண்டைக்கு வர ஒருவன் என்று எல்லா வேலையையும் அவன் ஒருவனே பார்த்தான். துணை இல்லையே என்று அவன் ஏங்கியதாக எனக்கு ஒருநாளும் தெரியவில்லை.

வளவுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுகிற ஒரு அம்மா இருந்தாள். பசைக் கையோடு ஜன்னலடியில் வந்து நின்று, "அய்ய, ஒத்தையில கெடக்கே!" என்பாள். தினமும் அதே பாட்டு. நான் கடைக்காரர் சொன்னதைச் சொல்லுவேன். "அவன் யாவாரி, அப்படித்தான் சொல்லுவான். ஒத்தையில இருக்கணும்னு எந்த உசுராவது நெனைக்குமா?" என்று என்னைப் பார்த்தே கேட்பாள். மீனைக் கேட்கிறாளா என்னைக் கேட்கிறாளா என்று எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், பாட்டிலில் ஒரு கெண்டைக் குஞ்சு வயிற்றைக் காட்டி மிதக்கிறது. இன்னும் இரண்டு அடியில் ஒண்டிக்கொண்டு கிடக்கின்றன. என் ஃபைட்டரின் வால் கந்தல் கந்தலாகத் தொங்குகிறது. அந்த அம்மா சிரித்த முகத்தோடு வந்தாள். விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து அவள் தம்பி வந்தானாம். கண்மாயில் பிடித்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தானாம். ஜன்னல் கம்பி வழியே கையை விட்டு ஊற்றினாளாம்.

"தொணைக்கு விட்டுருக்கேன் தாயி. ஒத்தையில கெடந்து கெடந்து அது சவலையாப் போயிரும்லா."

எனக்கு வந்த கோபத்தில் வளவு கூடிவிட்டது. யாரைக் கேட்டு என் ஜன்னலில் கை வைத்தீர்கள், உங்கள் வேலையைப் பார்க்கத் தெரியாதா என்று எக்ஸ்சேஞ்சில் லைன் கிடைக்காதவர் கத்துவது போலக் கத்தினேன். அவள் மிதக்கிற மீனைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். படத்துக்குக் கண்ணாடி பிரேம் போடும் கடை வைத்திருந்த அவள் புருஷன்தான் வந்தார்.

"அவன் சண்டைக்காரப் பயன்னு அவளுக்குத் தெரியாதும்மா. சரி, செத்தது செத்துப்போச்சு. மிச்சம் ரெண்டு கெண்டை கெடக்கே, அதுக்கு என்ன செய்யுதது?"

எனக்குச் சண்டை போடத் தெரிந்ததே தவிர கெண்டை வளர்க்கத் தெரியாது. ஒரு சட்டியில் எடுத்து வைத்தேன். அவர் அந்தச் சட்டியைச் சாண் போட்டு அளந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் இரும்புப் பட்டைகள், மிச்சக் கண்ணாடிகள், கண்ணாடி பதிக்கிற மக்கு ஒரு டப்பா எல்லாம் வந்து இறங்கின.

அவர் செய்த முதல் தொட்டி நாலு மூலையிலும் ஒழுகியது. "அண்ணாச்சி சாமி படத்துக்குப் பிரேம் போட்டாவ, இப்போ தண்ணிக்குமா போடுதாவ?" என்று மில்லுக்கார அக்கா சிரித்த சிரிப்பு மில் சங்குக்குச் சமம். அவர் அசரவில்லை. ரோட்டு வேலைக்காரர்களிடம் தார் வாங்கிவந்து காய்ச்சி மூலைக்கு மூலை பூசினார். கிணற்றடியில் தகரச் சார்ப்புக்குக் கீழே துவைக்கிற கல்லில் தொட்டி ஏறியது. அன்றைக்குத்தான் நான் அவரை அண்ணாச்சி என்றும் அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிட ஆரம்பித்தேன். மதினி முந்தின சண்டையைப் பற்றி அப்போதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அவ்வளவு பெரிய தொட்டியில் இரண்டே கெண்டைகள். கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்ததுதான், இரை போட்டாலும் வெளியே வரவில்லை. நாளுக்கு நாள் மெலிந்தன. அடுத்த தடவை மதுரை போனபோது கறுப்பு மோலி, கப்பி என்று சின்னச் சின்ன மீன்களாகக் கொஞ்சம் வாங்கிவந்து தொட்டியில் விட்டேன். அவை வந்த மறுநாளே கெண்டைகள் கல்லைவிட்டு வெளியே வந்து எல்லாரோடும் சேர்ந்து சுற்றின. மோலி கொத்தினால் கெண்டை கொத்தும், மோலி திரும்பினால் கெண்டை திரும்பும். பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம், கொஞ்சம் எரிச்சல். மதினி சொன்னது கெண்டை விஷயத்தில் முழு உண்மை. நான் சொன்னது ஃபைட்டர் விஷயத்தில் முழு உண்மை. மீன் என்று பொதுவாக ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வேறு வேறு ஜாதிக்காக வாதாடியிருக்கிறோம்.

மதினி விடுவதாக இல்லை. "அவனையும் இதுல விடுங்க."

"எல்லாத்தையும் கொன்னுருவான் மதினி."

"அப்போ பாட்டிலோட விடுங்க."

நான் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் அதில் உள்ள நியாயம் தெரிந்தது. தொட்டி நடுவில் ஒரு செங்கல்லை வைத்து, அதன்மேல் பாட்டிலை நிறுத்தினோம். பாட்டிலின் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தது. இரண்டு நாள் அவன் எல்லாரையும் பார்த்துச் செவுளை விரித்து முறைத்தான். கண்ணாடியில் முட்டினான். அப்புறம் இது ஆகாத காரியம் என்று விட்டுவிட்டான். கப்பிகள் எந்தப் பக்கம் போகின்றனவோ அந்தப் பக்கமாகப் பாட்டிலுக்குள் இவனும் திரும்பிக்கொண்டு நிற்பான். நுரைக் கூட்டை முன்னைவிடப் பெரிதாகக் கட்டினான். அவனுக்குச் சந்தோஷமா இல்லையா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வால் முழுசாக வளர்ந்துவிட்டது, அது மட்டும் உண்மை.

கோவில்பட்டி வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் விரல் விரலாக இறங்கும். கிணற்று உப்பை ஊற்ற எனக்கு மனமில்லை. என் குடத்தில் பாதியை ஒருநாள் வெயிலில் வைத்து, குழாய்த் தண்ணீரின் பிளீச்சிங் வாடை போன பிறகு தொட்டியில் ஊற்றிவந்தேன். மில்லுக்கார அக்கா கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் முறை வைக்கும்போது என் குடத்துக்கு அடுத்ததாக நசுங்கிய அலுமினியப் பானை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

வளவின் சொந்தக்காரி, நாங்கள் வீட்டுக்காரம்மா என்று சொல்வோம், கண்ணைச் சுருக்கினாள். "இது எந்த வீட்டுக்கு?"

"மீன் வீட்டுக்கு."

"மனுசனுக்கே இல்லையாம். மீனுக்கு முறையா?"

"நம்ம முத்தத்துலதானே குடி இருக்கு? உங்க பேரன் அதைப் பாத்துக்கிட்டுத்தானே ரெண்டு வாய் சோறு திங்கான்? வேண்டாம்னா சொல்லுங்க, பானைய எடுத்திருதேன்."

வீட்டுக்காரம்மா திரும்பி உள்ளே போய்விட்டாள். பேரன் சோறு தின்பது அவ்வளவு பெரிய விஷயம். அன்றிலிருந்து மில்லுக்கார அக்கா ஏழு வீட்டோடு எட்டாவதாக "மீன் வீடு!" என்று கூப்பிடுவாள். பக்கத்தில் நிற்கிற யாராவது ஒருத்தி பானையைப் பிடித்துக் கல்லருகே கொண்டுபோய் வைப்பாள். ஆவியாகிப் போகிற தண்ணீருக்காக வரிசையில் ஒரு இடத்தை விட்டுக்கொடுத்த ஊரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. நான் பிறந்த வாய்க்கால் கரையில் அதற்கு அவசியமே வந்ததில்லை.

மழை பொய்த்த ஒரு வருஷம் எனக்கு அம்மை போட்டது. காய்ச்சலாக ஆரம்பித்து, மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்தால் நெற்றியில் முத்து முத்தாக. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் அண்ணிக்கு நிறைமாதம். அம்மா இங்கே வந்துவிட்டு அங்கே திரும்ப முடியாது. வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது? இந்த முகத்தோடு எந்த பஸ்ஸில் ஏறுவது? அந்தப் பகல் நான் பயந்த மாதிரி என் வாழ்க்கையில் பயந்ததில்லை.

கதவைத் தட்டியது வீட்டுக்காரம்மாவேதான். திறந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள். போச்சு என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டு வேப்பங்குலையோடு வந்து என் வாசல் நிலையில் சொருகிவிட்டு, முற்றத்தின் நடுவில் நின்று ஏழு வீட்டுக்கும் கேட்கச் சொன்னாள்: "டெலிபோன் வீட்டுக்கு அம்மன் வந்திருக்கா. தலைக்குத் தண்ணி ஊத்துத வரைக்கும் எந்த வீட்டுலயும் தாளிக்கக் கூடாது."

அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது ஒரு வீட்டுக்கு உள்ள கட்டுப்பாடு. இவர்கள் வளவு முழுவதையும் ஒரே வீடாகக் கணக்கு வைத்திருந்தார்கள். எந்த அடுப்பிலும் கடுகு வெடிக்கவில்லை. அண்ணாச்சி சாப்பாட்டு வேளையில் முற்றத்துக்கு வந்து, "டெலிபோன், சீக்கிரம் எந்திரிம்மா. இந்த மஞ்சத் தண்ணிய இனிமே கொழம்புன்னு சொல்ல என்னால ஆகாது" என்று என் வாசலைப் பார்த்துக் கத்துவார்.

கதவைச் சாத்த எனக்கு அனுமதி இல்லை. வேப்பிலை பரப்பிய பாயில் நான். ஏற்கெனவே அம்மை கண்டிருந்த மதினி மட்டும் உள்ளே வந்து நுங்கும் கம்மங்கூழும் தந்துவிட்டுப் போவாள். மற்றவர்கள் வாசலுக்கு வெளியேதான். ஆனால் பெட்டி ஒட்டுவது, கீரை ஆய்வது, பிள்ளைக்குத் தலை வாருவது என்று அத்தனை வேலையும் என் வாசலுக்கு நேரே இடம் மாறிவிட்டது. ஊர்க்கதை எல்லாம் என் காதில் விழும்படி உரக்கப் பேசினார்கள். பாயில் படுத்தபடி பார்த்தால் கிணற்றடித் தொட்டி தெரியும். கூட்டத்துக்கு நடுவே பாட்டிலுக்குள் அவன் நிற்பதும் தெரியும். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அரிப்பில் அழுதுகொண்டிருந்த நாட்களில் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள் நெருங்கியது. ஊற்றினால்தான் அம்மை இறங்கியதாக அர்த்தம்; அதுவரை நான் வாசலைத் தாண்ட முடியாது, வேலைக்கும் போக முடியாது, வளவில் யாரும் தாளிக்கவும் முடியாது. கிணறு வற்றி அடியில் சேறுதான் கிடந்தது. குழாயிலோ ஒரு வாரத்துக்கு மேலாகக் காற்று மட்டும் வந்தது. கடைசியில் ஒரு விடிகாலையில் வந்தது, நூல் போல. வீட்டுக்கு ஒரு குடம் நிறைந்ததும் நின்றுவிட்டது. அந்த ஒரு குடத்தை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு குடும்பமும் அடுத்த தண்ணீர் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேண்டும்.

எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. பாயிலிருந்தே சத்தம் போட்டேன். "மதினி, தொட்டித் தண்ணிய எடுத்து எனக்கு ஊத்திருங்க. மீனெல்லாம் போனாப் போகட்டும்." அவனைப் பாட்டிலோடு யாரிடமாவது கொடுத்துவிடலாம். மற்றவை எல்லாம் சாகும்.

மதினி பதில் சொல்வதற்குள் மில்லுக்கார அக்கா குரல் கொடுத்தாள். "வாய வச்சுக்கிட்டுச் சும்மா கெடங்க. முறை வைக்கது யாரு, நீங்களா நானா?"

காலையில் முற்றத்தின் நடுவே வெயிலில் பெரிய பித்தளை அண்டா வந்து உட்கார்ந்தது. வீட்டுக்காரம்மா வேப்பிலையும் மஞ்சளும் போட்டாள். அப்புறம் குழாயடியில் கூப்பிடுவது போலவே மில்லுக்கார அக்கா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட வீட்டுக்காரி தன் குடத்தோடு வந்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு சாய்த்துவிட்டுப் போனாள். யாரும் யார் குடத்தையும் எட்டிப் பார்க்கவில்லை. என் வீட்டுக் குடத்தை மதினி கொண்டுவந்து முழுசாகக் கவிழ்த்தாள்.

வெயில் ஏறி அண்டாத் தண்ணீர் சூடானதும் என்னை மணையில் உட்காரவைத்தார்கள். முதல் செம்பு தலையில் விழுந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. செம்பு செம்பாக, ஆளுக்கு ஒன்றாக ஊற்றினார்கள். அண்டா தீர்ந்துவிட்டது. எழுந்திருக்கப் போனேன்.

"இருடீ, எங்க எந்திரிக்க?" என்றாள் மில்லுக்கார அக்கா. அத்தனை வருஷமும் அவள் என்னை வாங்க போங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவள் கையில் அந்த நசுங்கிய அலுமினியப் பானை. விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது.

"எட்டாம் வீட்டு முறை இன்னும் இருக்குல்லா? மீன் வீடு. அவியளும் தந்திருக்காவ. கண்ண மூடு."

மூடினேன். பானையை மெதுவாகச் சாய்த்து, ஒரு சொட்டு வீணாகாமல் என் உச்சியில் ஊற்றினாள். நான் வாய்விட்டு அழுதேன். ஈரத் தலையோடு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தேன். பானைக்கு மொண்டதில் தண்ணீர் நாலு விரல் இறங்கி, பாட்டிலின் கழுத்து வெளியே தெரிந்தது. மோலியும் கப்பியும் கெண்டையும் மிச்சத் தண்ணீரில் நெருக்கிக்கொண்டு அவன் பாட்டிலைச் சுற்றி வந்தன.

எனக்குப் பின்னால் ஏழு வீட்டிலும் கடுகு வெடித்தது.